மூக்கு வழியே மூளைக்கு மருந்து

அடுக்களையிற் செத்தல் மிளகாய் வறுபடும்போது, முன் விறாந்தையிற் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பவர் தும்முகின்றார். அவர் கண்களில் நீர் கசிகின்றது. மாலையில் முற்றத்து மல்லிகை மலரும்போது அவரே தலையை நிமிர்த்தி மூச்சை ஆழ உள்ளிழுத்து மகிழ்கின்றார். இரண்டையும் அவர் மூக்கினாலேயே உணர்ந்தார். ஆயினும் இரண்டையும் மூளைக்கு அறிவித்த நரம்புகள் வேறு. மல்லிகையின் மணத்தை அறிவித்தது மணநுகர்ச்சி நரம்பு. மிளகாயின் நெடியை அறிவித்தது, முகத்தின் தொடுகை, வலி, எரிவு ஆகியவற்றை உணரும் முக்கிளை நரம்பு. இவ்விரு நரம்புகளின் நுனிகளும் மூக்கினுள்ளே உள்ள மென்சவ்வில் வந்து முடிகின்றன. மணத்தையும் நெடியையும் மூளைக்கு அறிவிக்கும் இவ்வழிகளால், நோய் தீர்க்கும் மருந்தையும் மூளைக்கு அனுப்பலாகாதா? பல நாடுகளின் வைத்திய ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது.

மூக்கினுள் மருந்திடும் வழக்கம் கீழைத்தேயங்களுக்குப் புதியதன்று. சித்த வைத்தியத்தின் புறமருந்துகள் முப்பத்திரண்டு வகைப்படும் என்பர். அவற்றுள் நசியமும் ஒன்று. ஆயுள்வேதமும் மூக்கினைத் தலைக்குச் செல்லும் வாயில் என்றே கொண்டது. பண்டைய வைத்தியர் அனுபவத்தினால் ஒரு வாயிலைக் கண்டனர். அவ்வாயிலினூடே எந்தப் பொருள் செல்லும், எவ்வழியாற் செல்லும், எவ்வளவு செல்லும், சென்றபின் நோயாளிக்குப் பயன் உண்டா என்பவற்றை அளந்தறிவது விஞ்ஞானத்தின் பணி. அந்த அளவீடு தந்த விடைகளிற் சில நம்பிக்கை ஊட்டுவன. சில எச்சரிக்கை செய்வன.

மருந்தை விழுங்கினாலும், ஊசி வழியே ஏற்றினாலும், அது இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் செல்கின்றதே; மூளைக்கு மட்டும் ஏன் வேறு வழி தேட வேண்டும் என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்கு விடை 1885ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அவ்வாண்டில் ஜேர்மனிய விஞ்ஞானியாகிய போல் ஏர்லிக், விலங்குகளின் இரத்தத்திற் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்தார். ஈரல், சிறுநீரகம், தசை முதலிய உறுப்புகள் யாவும் சாயமேறின. மூளையும், முதுகெலும்பினுள்ளே ஓடும் முண்ணாணும் மாத்திரம் வெண்மையாகவே இருந்தன. மூளையின் இழையத்துக்குச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பு இல்லைப் போலும் என்று ஏர்லிக் எண்ணினார்.

அவர் எண்ணியது தவறென்பதை அவருடைய மாணவராகிய எட்வின் கோல்ட்மன் 1913ஆம் ஆண்டிற் காட்டினார். அவர் சாயத்தை இரத்தத்திற் செலுத்தாது, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள தெளிந்த நீரிற் செலுத்தினார். இம்முறை மூளை சாயமேறியது. உடலின் ஏனைய உறுப்புகள் சாயமேறவில்லை. எனவே, மூளை சாயத்தை வெறுக்கவில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒரு தடை நிற்கின்றது என்பது புலனாயிற்று. அத்தடை எங்கே இருக்கின்றது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் தோமஸ் றீஸ், மொறிஸ் கார்னோவ்ஸ்கி என்னும் இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு எலியின் மூளையை ஆராய்ந்து அதனைத் தெளிவாக்கினர்.

உடலின் பிற பாகங்களில் உள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர், கிடுகு வேலி போன்றது. அதன் கலங்களுக்கிடையே நீக்கல்கள் உண்டு. சிறு பொருள்கள் அவற்றினூடே கசிந்து வெளியேறலாம். மூளையின் குழாய்களிலோ அக்கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி, சாந்து பூசிய கல்மதில் போல நிற்கின்றன. கலங்களுக்கிடையே வழியில்லாமையால், மூளைக்குட் செல்ல விரும்பும் பொருள் எதுவும் கலத்தின் ஊடாகவே செல்லல் வேண்டும். கொழுப்பிற் கரையக்கூடிய சிறிய மூலக்கூறுகள் அவ்வாறு செல்ல வல்லன. மதுசாரமும், கோப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபீனும் விரைவிற் றலைக்கேறுவதற்குக் காரணம் இதுவே. மூளைக்கு இன்றியமையாத குளுக்கோசு போன்ற பொருள்களை அழைத்துச் செல்வதற்கெனத் தனித்தனி வாயில்களும் அம்மதிலில் உள்ளன. மற்றையவை வெளியே நிறுத்தப்படுகின்றன.

இரத்தத்திலே திரியும் நஞ்சுகளிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் மூளையைக் காப்பது இம்மதிலே. ஆனால், மூளை நோயுற்ற காலத்தில் அதே மதில் வைத்தியரையும் தடுக்கின்றது. பார்க்கின்சன் நோயிலே, டோபமீன் என்னும் பொருளை ஆக்கும் மூளைக் கலங்கள் அழிகின்றன. கைகால்கள் நடுங்கி, நடை தளர்கின்றது. டோபமீனையே மருந்தாகக் கொடுத்தாற் பயனில்லை; அது மதிலைக் கடவாது. ஆதலின், மதிலிலுள்ள வாயிலொன்றால் நுழைந்து உள்ளே டோபமீனாக மாறும் லெவோடோபா என்னும் பொருள் கொடுக்கப்படுகின்றது. இத்தகைய தந்திரம் எல்லா மருந்துக்கும் வாய்ப்பதில்லை. புரதங்களால் ஆன பெரிய மருந்துகள் பெரும்பாலும் மதிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. முள்ளந்தண்டிடையே ஊசி செலுத்தி மூளைநீரிலே மருந்தைச் சேர்க்கலாம். ஆயின், அதனை நாள்தோறும் ஆண்டுக்கணக்காகச் செய்வது எளிதன்று. பெற்ற மகளைப் பார்த்தே, "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்கும் தாய் இருக்கும் வீட்டில், வேண்டப்படுவது அன்றாடம் வீட்டிலே கொடுக்கத்தக்க மருந்து. இவ்விடத்திற்றான் மூக்கு ஆராய்ச்சியாளரின் கருத்தைக் கவர்ந்தது.

மூக்கின் உட்புறம் வெறும் குழாய் அன்று. வாயிலருகே மயிர்கள் நின்று தூசியைத் தடுக்கின்றன. அதற்கு அப்பால், சுருண்ட எலும்புகளின்மேல் செந்நிறமான மென்சவ்வு போர்த்தப்பட்டுள்ளது. உள்ளே செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரமூட்டுவதற்காக அச்சவ்விலே இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. மூக்கின் கூரைப்பகுதியிலே, இரு கண்களுக்கும் இடையே, மணமறியும் பகுதி அமைந்துள்ளது. இங்கே இலட்சக்கணக்கான நரம்புக் கலங்கள் தம் நுனிகளை வெளிக்காற்றுப் படும்படி நீட்டி நிற்கின்றன. அவற்றின் மறுமுனைகள் மெல்லிய இழைகளாகச் சேர்ந்து, சல்லடை போலத் துளைகளுள்ள எலும்புத் தகடொன்றின் ஊடே மேலெழுந்து, நேரே மூளையின் அடிப்புறத்தை அடைகின்றன. வெளியுலகின் காற்றை ஒரு முனையாலும் மூளையை மறுமுனையாலும் தொடும் நரம்புக் கலம் மனித உடலில் இஃதொன்றே எனலாம். தூசியும் கிருமியும் ஓயாது தாக்குவதால் இக்கலங்கள் அழிந்து, அவற்றின் இடத்திற் புதியன தோன்றிய வண்ணம் இருக்கின்றன.

இவ்விடத்திற்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பிறிதொரு வகையாலும் அறியப்பட்டது. 1869ஆம் ஆண்டிற் சுவால்பே என்பவர், விலங்கின் மூளையைச் சூழ்ந்த நீரிற் செலுத்திய நீலச் சாயம் வெளியேறும் வழிகளை ஆராய்ந்தார். 1875ஆம் ஆண்டிற் சுவீடனைச் சேர்ந்த கீ, ரெட்சியஸ் என்னும் இருவர் அவ்வாராய்ச்சியை விரித்து, மூளைநீரிற் செலுத்திய சாயம் மூக்கின் மென்சவ்வுக்கும் வருவதைக் காட்டினர். மணநுகர்ச்சி நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள மெல்லிய இடைவெளியே அச்சாயத்துக்கு வழியாயிற்று. மூளையிலிருந்து மூக்குக்கு வர வழியுண்டாயின், மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லவும் வழியுண்டோ என்று ஆராய்வது அடுத்த படி. 1929ஆம் ஆண்டிற் பிரித்தானிய உடற்கூற்று அறிஞர் லெ குறோ கிளார்க், முயல்களின் மூக்கிலே உப்புக் கரைசல்களை இட்டு, அவை பின்னர் நீலநிறமாகப் படிந்த இடங்களைத் தேடினார். நரம்பிழைகளின் வழியே அவை உள்ளே சென்றிருந்தன. அவர் தேடியது மருந்துக்கான வழியன்று. நோய்க் கிருமிகள் மூக்கிலிருந்து மூளையை அடையும் வழியையே அவர் தேடினார்.

அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று. 1965ஆம் ஆண்டில் தென் அவுஸ்திரேலியாவிலே மல்கம் பவ்லர், றொட்னி கார்ட்டர் என்னும் இரு வைத்தியர், அமீபா இனத்தைச் சேர்ந்த ஓருயிரால் உண்டாகும் கொடிய மூளை நோயை விவரித்தனர். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அவ்வுயிர், குளிக்கையிலோ நீந்துகையிலோ மூக்கினுள் ஏறிய நீரோடு சென்று, மணநுகர்ச்சி நரம்பின் வழியே மூளையை அடைகின்றது. அந்நீரைக் குடிப்பதால் அந்நோய் வருவதில்லை. மூக்கினுட் செல்வதாலேயே வருகின்றது. அயலிலுள்ள கேரளத்தில் 2024ஆம், 2025ஆம் ஆண்டுகளில் அமீபாவால் உண்டாகும் மூளை நோய் பலரைத் தாக்கிப் பெருங்கவலையை உண்டாக்கியது. மூக்கை நீரிட்டுக் கழுவும் வழக்கமுடையோர், கொதித்தாறிய நீரையன்றி வேறு நீரைப் பயன்படுத்தலாகாது என்று வைத்தியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

ஆகவே, வழி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு வழி உண்டென்று அறிவது வேறு. அவ்வழியைப் பற்றிய அறிவினால் நோயாளிக்கு நன்மை செய்வது வேறு. இவ்வேறுபாட்டைக் கனடாவின் ரொறன்ரோ நகரம் 1937ஆம் ஆண்டிற் கற்றுக்கொண்டது.

அக்காலத்திற் போலியோ என்னும் இளம்பிள்ளைவாதம் மேலைநாட்டுப் பெற்றோரை நடுங்கவைத்த நோயாக இருந்தது. அமெரிக்காவிற் சைமன் பிளெக்ஸ்னர் முதலியோர், குரங்குகளின் மூக்கிலே அந்நோயின் வைரசைத் தடவி அவற்றுக்கு நோயை உண்டாக்கினர். மணநுகர்ச்சி நரம்பே வைரசின் வழி என்று கருதப்பட்டது. அவ்வழியை அடைத்துவிட்டால் நோய் வராதன்றோ? நாகசல்பேற்றுக் கரைசலை மூக்கின் உச்சியிற் றெளித்தபோது குரங்குகள் காக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டின் கோடையில் ஒன்ராறியோ மாகாணத்தில் நோய் பரவியபோது, ரொறன்ரோ நகரில் ஏறக்குறைய 5,000 சிறுவர்க்கு அக்கரைசல் மூக்கினுள் உயரத் தெளிக்கப்பட்டது. தெளிக்கப்படாத சிறுவர் கூட்டமொன்றும் ஒப்பீட்டிற்காகக் கணக்கில் எடுக்கப்பட்டது.

முடிவு வருந்தத்தக்கது. தெளிக்கப்பட்ட சிறுவர் நோயிலிருந்து காக்கப்படவில்லை. அவர்களுட் சிலர் மணமறியும் ஆற்றலை இழந்தனர்; இழந்தவருட் சிலருக்கு அது மீளவேயில்லை. பிழை எங்கே நேர்ந்தது? ஆய்வுக்கெடுத்த குரங்கினம் வாய்வழியே அந்நோயை எளிதிற் பெறாதது; பயன்படுத்திய வைரசும் நரம்பிழையத்தின் வழியே மீண்டும் மீண்டும் கடத்தப்பட்டு அவ்வழிக்கே பழகியது. மனிதரிலோ வைரசு வாய்வழியே சென்று குடலிற் பெருகுகின்றது. அல்பேட் சேபின், றொபேட் வார்ட் என்னும் இருவர் போலியோவால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். அதே சேபின் பின்னர் ஆக்கிய வாய்வழித் தடுப்புமருந்தே உலகெங்கும் குழந்தைகளுக்குத் துளிகளாகக் கொடுக்கப்பட்டது. குரங்கிற் கண்ட உண்மை பொய்யன்று. அதனை மனிதருக்கும் உரியதென்று கொண்டதே பிழை.

மூக்கின் வழியைக் கிருமியின் வழியாக மட்டும் பாராது, மருந்தின் வழியாகவும் ஆக்கலாம் என்ற கருத்தை 1989ஆம் ஆண்டில் முன்வைத்தவர் வில்லியம் பிறே என்னும் அமெரிக்க நரம்பியல் ஆராய்ச்சியாளர். மின்னசோட்டா மாநிலத்திற் சென் போல் நகரிற் பணியாற்றிய அவர், நரம்புக் கலங்களைப் பேணும் புரதங்களை மூக்கின் உச்சியிற் சேர்த்தால் அவை இரத்தத்தின் மதிலைச் சுற்றிக்கொண்டு மூளையை அடையும் என்றார். பின்னர் எலிகளில் நடந்த ஆராய்ச்சிகள், மணநுகர்ச்சி நரம்பு மட்டுமன்றி, மிளகாய் நெடியை அறிவிக்கும் முக்கிளை நரம்பும் அத்தகைய பொருள்களுக்கு வழியாவதைக் காட்டின. நரம்பிழையின் உள்ளே செல்லும் பொருள் மெல்லவே நகரும். அதற்கு மணிகளும் நாள்களும் வேண்டும். இழையைச் சூழ்ந்த இடைவெளியாற் செல்லும் பொருளோ சில நிமிடங்களிலேயே மூளையை அடையக்கூடும்.

மனிதரில் இது நிகழுமா என்பதை 2002ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லூபெக் நகரிலிருந்து யான் போர்னும் அவர் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சி ஓரளவு காட்டியது. உடல்நலமுள்ள 36 பேர் அதிற் பங்குபற்றினர். இன்சுலின் உட்படப் புரத இனத்தைச் சேர்ந்த மூன்று பொருள்கள் அவர்களுக்கு மூக்கினுட் டெளிக்கப்பட்டன. முதுகின் கீழ்ப்பாகத்திற் செருகிய மெல்லிய குழாயின் வழியே முண்ணாணைச் சூழ்ந்த நீர் சிறிது சிறிதாக எடுத்துச் சோதிக்கப்பட்டது. தெளித்த பொருள்களின் செறிவு அந்நீரிலே உயர்ந்திருந்தது. இன்சுலின் பெற்றோரின் இரத்தத்திற் சர்க்கரை குறையவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. இரத்தத்தின் வழியாற் சென்றிருந்தாற் சர்க்கரை இறங்கியிருக்கும்.

இன்சுலின் நீரிழிவு நோயாளருக்கு மட்டும் உரிய பொருளன்று. அது மூளையின் கலங்களிலும் தொழிற்படுகின்றது. நினைவாற்றலோடும் அதற்குத் தொடர்புண்டு. மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோயில், மூளைக் கலங்கள் இன்சுலினுக்கு ஏற்றவாறு தொழிற்படுவது குன்றுகின்றது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஊசிவழி அதிக இன்சுலினை ஏற்றினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். மூக்கு வழியே கொடுத்தால் அவ்வாபத்தின்றி மூளைக்குச் சேர்க்கலாம் அன்றோ? சூசன் கிறாவ்ற் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் குழுவினரும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய பரிசோதனையில், தொடக்க நிலை மறதியுடையோரும் இலேசானது முதல் நடுத்தர நிலை வரையான அல்சைமர் நோயுடையோருமாக 104 பேர் நான்கு மாதம் பங்குபற்றினர். குறைந்த அளவு இன்சுலின் பெற்றோர், கேட்ட கதையைச் சிறிது நேரத்தின் பின் நினைவுகூர்வதில் முன்னேற்றம் காட்டினர். செய்தி பரவியது, மறதியுற்றோரின் குடும்பங்களில் நம்பிக்கை மலர்ந்தது.

சிறிய பரிசோதனையிற் கண்டதைப் பெரிய பரிசோதனையிற் சரிபார்த்தல் வேண்டும். அதே குழுவினர் 289 பேரைக்கொண்டு 12 மாதம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்சுலின் பெற்றோருக்கும், இன்சுலின் இல்லாத வெறுங்கரைசலைப் பெற்றோருக்கும் இடையே நினைவாற்றலிலும் அறிவாற்றலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தெளிக்கும் கருவி ஒழுங்காகத் தொழிற்படாமையால், பரிசோதனையின் தொடக்கத்திலேயே அதனை மாற்ற நேர்ந்ததும் உண்மை. முதற்கருவியைப் பயன்படுத்திய சிறுதொகையினரிடம் மட்டும் நன்மைக்குரிய சில குறிகள் தென்பட்டன. ஆனால், அச்சிறுதொகையைக் கொண்டு முடிவு சொல்ல இயலாது. நம்பிக்கையோடு தொடங்கிய ஆராய்ச்சியாளரே தம் நம்பிக்கைக்கு மாறான முடிவை மறைக்காது வெளியிட்டனர். விஞ்ஞானத்தின் மேல் வைக்கத்தக்க மதிப்பு இத்தகைய நேர்மையினாலேயே நிலைக்கின்றது.

எலியில் எளிதாக நிகழ்ந்தது மனிதரில் ஏன் இத்துணை அரிதாகின்றது? முதற் காரணம் மூக்கின் அமைப்பு. மோப்பத்தால் வாழும் எலிக்கு மூக்கின் உட்பரப்பிற் பாதியளவு மணமறியும் பகுதியாகும். மனிதருக்கோ அது பத்திலொரு பங்கும் இராது. அதுவும் காற்றோட்டம் குறைந்த ஒடுங்கிய உச்சியில் மறைந்துள்ளது. சாதாரணமாகத் தெளிக்கும் மருந்தின் பெரும்பகுதி அவ்வுச்சியை எட்டுவதேயில்லை. இரண்டாவது காரணம், இடத்தின் சிறுமை. ஒரு நாசித் துவாரத்தில் ஒருமுறை இடத்தக்கது ஏறக்குறைய இரண்டு துளியே; அதற்கு மேற்பட்டது தொண்டையில் வழிந்துவிடும். மூன்றாவது காரணம், மூக்கின் துப்புரவுப் பணி. சவ்வின் மேலுள்ள சளிப்படலத்தை நுண்மயிர்கள் ஓயாது தொண்டைப்புறமாகத் தள்ளுகின்றன. ஏறக்குறைய 20 நிமிடங்களில் அங்கிருந்த பொருள் அகற்றப்பட்டுவிடும். இவையெல்லாவற்றையும் கடந்து மூளையைச் சேர்வது, விலங்குகளிலேயே, இட்ட மருந்தின் நூற்றிலொரு பங்கிலும் பெரும்பாலும் குறைவு.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். மூக்கிற் றெளிக்கும் மருந்துகளாற் பலர் பயன் பெறுகின்றனரே? ஒற்றைத் தலைவலிக்குரிய சுமாற்றிப்ரான் அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டிலும், அபின் இன மருந்துகள் அளவு மீறி மூச்சடங்கியோரை மீட்கும் நலொக்சோன் 2015ஆம் ஆண்டிலும், தொடர்ந்து வரும் வலிப்பை நிறுத்தும் மிடாசொலாம் 2019ஆம் ஆண்டிலும், ஏனைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குரிய எஸ்கெற்றமின் அதே 2019ஆம் ஆண்டிலும் மூக்கு வழி மருந்துகளாக அங்கீகாரம் பெற்றன. இவை நன்மை செய்வது உண்மை. ஆனால், இவை செல்லும் வழி பெரும்பாலும் நரம்பு வழியன்று. மூக்கின் சவ்வில் நிறைந்துள்ள இரத்தக் குழாய்களுக்குட் புகுந்து, இரத்தத்தோடு கலந்தே இவை உடலிற் பரவுகின்றன. மூளையிற் றொழில்புரியும் மருந்துகளும் இரத்தத்தோடு சென்றே அம்மதிலைக் கடக்க வல்லன. மூக்குப்பொடி போடும் முதியவரின் தலைக்கு நிக்கொற்றின் ஏறுவதும் இரத்த வழியாலேயே. வயிற்றையும் ஈரலையும் தவிர்ப்பதால் மருந்து விரைவாகவும் சிதையாமலும் சேரும் என்பதே இவ்வழியின் சிறப்பு. நினைவிழந்து கிடப்பவருக்கு மாத்திரை கொடுக்க முடியாது. ஊசியேற்றப் பயிற்சி பெற்றவர் அருகிலிராமலும் போகலாம். அவ்வேளையில் மூக்கிற் றெளிக்கும் ஒரு சிறு குப்பி உயிரைக் காக்கின்றது.

ஆகவே, மூக்கிலிருந்து மூளைக்கு இரு வழிகள் உண்டு. இரத்தத்தின் வழி அகலமானது, நன்கு சோதிக்கப்பட்டது, ஆயினும் அதன் முடிவில் அம்மதில் நிற்கின்றது. நரம்பின் வழி மதிலைச் சுற்றிச் செல்வது. ஆயினும் மிக ஒடுங்கியது. அதன் வழியாகச் சென்று மூளை நோயைத் தீர்க்கும் மருந்து என்று பெரும் பரிசோதனைகளால் நிலைநாட்டப்பட்டது எதுவும் இதுவரை இல்லை. முதலாம் வழியிற் கிடைத்த வெற்றியை இரண்டாம் வழிக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. விளம்பரங்களில் இத்தவறு அடிக்கடி நேர்கின்றது.

மூக்கு தீமைக்கும் வாயிலாகும் என்பதையும் மறத்தலாகாது. சுவிற்சர்லாந்தில் 2000ஆம் ஆண்டின் இறுதியில் இன்புளுவென்சாவுக்கெதிரான மூக்குத் தெளிப்புத் தடுப்புமருந்தொன்று வழக்குக்கு வந்தது. அதன் வலிமையைப் பெருக்குவதற்காகப் பக்றீரியா ஒன்றின் நச்சுப்புரதம் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. அதனைப் பெற்றோருட் சிலருக்கு முகத்தின் ஒருபுறம் செயலிழந்தது. அம்மருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. 2004ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, அம்மருந்துக்கும் முகவாதத்துக்கும் வலிய தொடர்பிருந்ததைக் காட்டிற்று. தடிமனுக்கென மூக்கினுள் இடும் நாகம் சேர்ந்த சில மருந்துகளால் மணமறியும் ஆற்றல் கெடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2009ஆம் ஆண்டில் எச்சரித்தது. ரொறன்ரோச் சிறுவருக்கு 1937ஆம் ஆண்டில் நேர்ந்த தீங்கு, அதே நாகத்தினால், 72 ஆண்டுகளின் பின்னரும் தலைகாட்டியது.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. மருந்தை மூக்கின் உச்சிக்கே செலுத்தும் கருவிகள், சளியிற் பற்றிக்கொண்டு நீண்ட நேரம் தங்கும் பசைகள், மருந்தைத் தம்முள் அடக்கிச் செல்லும் மிக நுண்ணிய கொழுப்புத் துணிக்கைகள் ஆகியன ஆராயப்படுகின்றன. அவற்றிலொன்று நாளை பயன்தரக்கூடும். அதுகாறும், மறதிக்கோ நடுக்கத்துக்கோ மூக்கு வழி மருந்து வந்துவிட்டதென்று யாரேனும் கூறும்போது, கேட்போர் மூன்று வினாக்களை வினவலாம். இது மனிதரிற் சோதிக்கப்பட்டதா, எலியிலும் குரங்கிலும் மட்டுமா? மருந்து மூளையை அடைந்தது என்று காட்டினரா, அடைந்து நோயாளிக்குப் பயன் தந்தது என்றும் காட்டினரா? மருந்து பெற்றோர், அதனைப் பெறாதோருடன் ஒப்பிடப்பட்டனரா?

இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்கும்வரை, வீட்டிலே இருக்கும் கரைசல் எதனையும் தாமாக மூக்கிலிட்டுப் பார்க்காதிருப்பதும், மறதியுற்ற பெற்றோரைத் தகுந்த வைத்தியரிடம் காட்டுவதும் செய்யத்தக்கவை. மறதியுற்றோர் எல்லோரும் அல்சைமர் நோயாளரல்லர். தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடு, உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி உண்டாகலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. வழக்கமான வழியிற் கொடுக்கப்படும் அம்மருந்தினால், மகளை மறந்த தாய் மீண்டும் பெயர் சொல்லி அழைக்கவும் கூடும்.